மூணு வரி மாப்பிள்ளை

"நகை கேட்டா வீட்டுக்காரி,
நானும் உடனே கொடுத்துட்டேன்,
கடைக்கும் போகல, கடனும் வாங்கல..."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், சுவரோடு இருந்த போனில் இதைச் சொல்லிவிட்டு, ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். சற்றுக் கழித்துச் சிரித்தார்.

"புன்னகையா! சபாஷ்!"

லிஃப்டிலிருந்து வெளியே வந்த அவருடைய மச்சான், கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே படுத்திருப்பது மச்சானின் ஒரே தங்கை, கடைக்காரரின் மனைவி. தலைக்குள் கட்டி, காலையில் ஆபரேஷன் என்று மட்டும்தான் நேற்றுச் செய்தி வந்தது. மச்சான் கட்டட கான்ட்ராக்டர். தளம் போடுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு பஸ் ஏறியவர். செருப்பில் ஒட்டிய சிமெண்டைத் தட்டவும் தோன்றவில்லை.

"மாப்பிள்ளை."

கடைக்காரர் திரும்பினார். "வாங்க மச்சான், ஒரு நிமிஷம்" என்று விரலைக் காட்டிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டார்.

"மாடிப் படியில பையன் உட்கார்ந்தான்,
மத்தியானம் வரைக்கும் நகரவே இல்ல,
'படிடா'ன்னு அப்பா அதட்டினாரு..."

மச்சானுக்குக் காது சூடாகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு இந்தப் பைத்தியம் உண்டு என்பது தெரிந்த விஷயம்தான். வார்த்தையை முறுக்கி நாலு வரி நையாண்டி எழுதுவது. கடையில் கண் சோதிக்கிற எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் தினம் ஒன்று ஒட்டுவார். அதைப் படித்துச் சிரிக்கிறவருக்குக் கண்ணில் கோளாறு இல்லை என்பார். இவரை மாதிரியே இன்னும் சில பேர், போனில் மணிக்கணக்காக மாற்றி மாற்றி விளையாடுவார்கள்.

அதற்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா?

"'படியிலதான் இருக்கேன்'னானா! சரி, சரி, தோத்துட்டேன்" என்று போனைப் பார்த்துச் சொன்னார் கடைக்காரர்.

"மாப்பிள்ளை, தங்கச்சி எப்படி இருக்கா? டாக்டர் என்ன சொன்னாரு?"

"சொல்றேன் மச்சான். முழுசா சொன்னா பயந்துடுவீங்கன்னு அவதான்... இருங்க, அடுத்தது கேக்கறாங்க."

தியேட்டர் கதவு கொஞ்சம் திறந்தது. முகமூடி போட்ட நர்ஸ் தலையை நீட்டினாள்.

"நல்லா போகுது சார். நிறுத்திடாதீங்க."

கதவு மூடிக்கொண்டது.

நர்ஸுக்கும் இதில் கூட்டா! மச்சான் பையைத் தரையில் எறிந்தார்.

"சுடச்சுட காபி கேட்டேன்,
'ஆறட்டும்'னு வெச்சுட்டுப் போனா,
கடிகாரத்தைப் பார்த்தா மணி அஞ்சு..."

கடைக்காரர் காத்திருந்தார்.

பதில் வரவில்லை போலிருக்கிறது. ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"'ஆறட்டும்'னு வெச்சுட்டுப் போனா... மணி அஞ்சு... ம்? சொல்லு. இது சுலபம்தானே? சொல்லு."

முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

அவ்வளவுதான். மச்சான் பாய்ந்து ரிசீவரைப் பிடுங்கினார்.

"நீயெல்லாம் மனுஷனாய்யா? உள்ள ஒருத்தி உசுருக்குப் போராடறா, வெளிய நின்னு உனக்குக் காபியும் நகையுமா?" போன் பக்கம் திரும்பினார். "யாருய்யா அந்தப் பக்கம்? கூடச் சேர்ந்து சிரிக்க வெட்கமா இல்ல?"

"நீங்க யாரு?" என்றது ஒரு குரல். "நான் ஆபரேஷன் பண்ற டாக்டர்."

"நான்... அண்ணன். கூடப் பொறந்தவன்."

"கேளுங்க. இந்தப் போன் உள்ள ஸ்பீக்கர்ல ஓடுது. உங்க தங்கச்சி முழிச்சிருக்காங்க. முழிச்சிருக்கணும். கட்டி, பேச்சு வர்ற இடத்தை ஒட்டி இருக்கு. எங்க தொட்டா பேச்சு போகும்னு, அவங்களைப் பேச வெச்சேதான் கண்டுபிடிக்கணும். படம் காட்டிக் கேட்டோம், சலிச்சுப்போய் கண்ணை மூடிக்கிட்டாங்க. ஆனா அவங்க வீட்டுக்காரர் மூணு வரி சொன்னா, நாலாவதைச் சொல்லாம விடமாட்டேங்கறாங்க. காலையிலேருந்து அதை வெச்சுத்தான் நான் போயிட்டிருக்கேன். இப்ப முதல் தடவையா பதில் வரல. கையை எடுத்துட்டேன். பேச்சு திரும்புதான்னு பார்க்கணும். அவரைப் பேசச் சொல்லுங்க, சீக்கிரம்!"

மச்சான் திரும்பினார். சுவரில் சாய்ந்திருந்த கடைக்காரர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

"மச்சான்... எனக்கு ஒண்ணும் வரல. நீங்க பேசுங்க."

"எனக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியாதே மாப்பிள்ளை!"

"எதையாவது பேசுங்க!"

மச்சான் இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டார்.

"குட்டிம்மா... அண்ணன் வந்திருக்கேன்டா."

ஏதோ மெஷின் விட்டு விட்டு ஒலித்தது. வேறு சத்தம் இல்லை.

"அண்ணன்டா. கேக்குதா?"

மறுபடி மெஷின் மட்டும்தான் ஒலித்தது.

"ஏய்! பேசு! சின்னப் புள்ளையில வாய் ஓயமாட்டியே! இப்ப என்ன வந்தது உனக்கு? பேசு குட்டி, எதையாவது பேசு!"

வராந்தா முழுக்க அந்த அலறல் எதிரொலித்தது. தூரத்தில் யாரோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் ரிசீவரின் மறுபக்கத்தில் காதை வைத்தார். இரண்டு தலையும் முட்டிக்கொண்டிருந்தன.

மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துக்கொண்டு, அந்தக் குரல் வந்தது.

"ஏன் அண்ணா... கத்தறே? கத்தி... டாக்டர் கையில இருந்தா போதாதா?"