நாணலின் காதுபட

மலையில் பெய்த மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. வேங்கிக்கால் ஓடைக்கரையில் பொறியாளர் வினோதினி இரண்டு பாட்டில்களை மாலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள். புதிய சிமென்ட் வடிகாலின் வாயில் பிடித்த நீர் செம்மண் குழம்பாக இருக்கிறது. அதே நீர் நாணலுக்குள் நுழைந்து வெளியேறும் இடத்தில் பிடித்தது பளிங்காக இருக்கிறது. காற்றே இல்லை, நாணல் மட்டும் அசைகிறது. உள்ளே யாரோ மடக்மடக்கென்று குடிப்பதுபோல் ஒரு சத்தம். "நாளைக்கு இதை வெட்டிட்டு வடிகாலை நீட்டணும், ஆர்டர் வந்துடுச்சு" என்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் மேஸ்திரி அருணகிரி குரலைத் தாழ்த்துகிறார். "வெட்டறதப் பத்தி அதுங்க காதுபடப் பேசாதீங்க மேடம்." அவளுக்குச் சிரிப்பு வருகிறது. குடிக்கும் சத்தம் சட்டென்று நிற்கிறது. நாணல் அசையவில்லை. அவள் கையில், இறுக மூடிய பாட்டிலுக்குள், தெளிந்த நீர் மெல்லச் சிவக்கிறது.