வாரண்டி யார் பேரில்?

"பழைய டிஸ்க்கைத் திருப்பித் தர மாட்டோம் அக்கா. புதுசு போட்டுத் தருவோம், பழசைக் கம்பெனி எடுத்துக்கும். அதான் வாரண்டி."

மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் லேப்டாப்பின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"எடுத்துக்கிட்டு என்ன தம்பி பண்ணுவாங்க?"

"நொறுக்கிடுவாங்க."

இவ்வளவு பட்டென்று சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அந்த சர்வீஸ் சென்டரில் அவனுக்கு 'டாக்டர்' என்று பட்டப்பெயர் வந்ததே இதனால்தான். செத்துப்போன டிஸ்க்கைச் செத்துப்போனது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான். சொன்ன பிறகு மனசு கேட்காமல் அதைப் பிழைக்க வைக்கவும் மல்லுக்கட்டுவான்.

"எனக்குப் புது டிஸ்க்கே வேண்டாம் தம்பி. அதுல இருக்கிற ஃபோட்டோ மட்டும் போதும். நாளைக்குக் காலையில வேணும்."

"போன்ல இல்லையா?"

"போன் உடைஞ்சு போச்சு."

"பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்க! என்ன ஃபோட்டோ அக்கா?"

"நானும் என் பொண்ணும்."

"ஏதாவது விசேஷமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நாலு பேர் முன்னால காட்டணும்."

பெண்ணுக்குப் பிறந்தநாளாக இருக்கும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். லேப்டாப்பைக் கவிழ்த்து அடியில் இருந்த எண்ணைக் கணினியில் தட்டினான். வாரண்டி இன்னும் முடியவில்லை. ஆனால் ஓர் ஆண் பெயரில் இருந்தது.

"இது சார் பேர்ல இருக்கே?"

"அவர்தான் வாங்கினார். இப்ப வெளியூர்ல இருக்கார். அவருக்குப் போன் எதுவும் பண்ண வேண்டாம். என் நம்பரைப் போட்டுக்கோங்க."

டிஸ்க்கைக் கழற்றிச் சோதனைப் பெட்டியில் மாட்டினான். கரகரவென்று இழுத்தது. ஆக, மூச்சு இருக்கிறது.

"பாக்கறேன் அக்கா. சத்தியம் எல்லாம் பண்ண மாட்டேன். சாயங்காலம் வாங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். "எப்படியாவது எடுத்துக் குடுத்துடுங்க தம்பி. அதை விட்டா எங்க ரெண்டு பேருக்கும் வேற கதி இல்ல."

அந்தச் சொல் அவனை என்னவோ செய்துவிட்டது. அன்று டாக்டர் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. டிஸ்க் கொஞ்சம் ஓடும், உடனே மக்கர் பண்ணும். அதட்டினால் வேலைக்கு ஆகாது. அடம்பிடிக்கிற பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க வைக்க வேண்டும்.

"ஏம்ப்பா, ஓசி வாரண்டி கேசுக்கா இப்படி உயிரை விடறே? டிஸ்க்கை மாத்திட்டு அடுத்ததைப் பாரு" என்று பக்கத்து மேசைக்காரர் சலித்துக்கொண்டார். இவன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்தபோதே அவன் முகம் விஷயத்தைச் சொல்லிவிட்டது.

"வந்துடுச்சு அக்கா! எல்லா ஃபோட்டோவும். ஒண்ணுகூடச் சேதாரம் இல்ல!"

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கியே பழகியவனுக்கு இது புதிது. அவனுக்கும் கண் கலங்கியது.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. குடுங்க, நான் கிளம்பறேன்."

"இந்தாங்க லேப்டாப். புது டிஸ்க் போட்டாச்சு. ஃபோட்டோவை எல்லாம் பென்டிரைவ்ல போட்டு சார்கிட்ட குடுத்துட்டேன்."

"எந்த சார்?"

"உங்க வீட்டுக்காரர்தான். நீங்க போன் பண்ண வேண்டாம்னு சொன்னீங்க, இல்லேங்கல. ஆனா எடுத்ததை வெளியே குடுக்கணும்னா வாரண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க சம்மதம் வேணும். அதான் வாரண்டியில இருந்த அவர் நம்பருக்கு ஒரு போன் போட்டேன். ஊருக்கு வந்துட்டாராம் அக்கா! விழுந்தடிச்சு ஓடி வந்தார். நானே அவ கையில குடுக்கறேன், அவளுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொன்னார். தங்கமான மனுஷன். என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டார்!"

அவள் அழுகை நின்றுவிட்டது.

"உங்ககிட்ட இன்னொரு காப்பி இருக்கா?"

"நாங்க வெச்சுக்கவே கூடாது அக்கா. அவர் கண் முன்னாடியே அழிச்சுட்டேன். பழைய டிஸ்க்கும் கம்பெனி வண்டியில ஏறிப் போயாச்சு."

"ஒரு ஃபோட்டோவையாவது திறந்து பாத்தீங்களா?"

"ஐயையோ!" அவன் பதறிப்போனான். "சத்தியமா இல்ல. அடுத்தவங்க குடும்ப ஃபோட்டோவை நான் தொட்டதே கிடையாது. அந்த விஷயத்துல என்னை நீங்க நம்பலாம்."

"பாத்திருக்கலாம் தம்பி. என் பொண்ணை யார்கிட்ட விடறதுன்னு நாளைக்குக் காலையில கோர்ட்டுல முடிவு பண்ணப்போறாங்க. அவர் அடிச்ச அன்னைக்கு அவ முகம் எப்படி இருந்துச்சுன்னு சொல்றதுக்கு, என்னைத் தவிர இன்னொரு ஆளாவது இருந்திருப்பாங்க."