கனெக்‌ஷன் டைம் அவுட்

"போட்டி தொடங்கிட்டா யாரையும் உள்ளே விட முடியாது. விதின்னா விதிதான்!"

பாடசாலை அதிபர் அப்துல் ஸமத் போனைப் பட்டென்று வைத்தார்.

"யாருங்க சேர்?" கணினி ஆசிரியர் நிதுஷன் கேட்டான்.

"வில்கமுவ மர்வாவோட வாப்பா. பஸ் வழியில பழுதாகி நின்னுட்டாம். மரக்கறி லொறி ஒண்ணுல ஏறி வர்றாங்களாம். கொஞ்சம் பொறுக்கணுமாம்."

"பாவம் சேர், கெட்டிக்காரப் பிள்ளை. அடுத்த வருசம் வயசு கூடிடும், போட்டிக்கு எடுக்க மாட்டாங்க."

"அதுக்காக மாத்தளை மாவட்டமே காத்திருக்கணுமா? மேற்பார்வைக்கு வந்த மேடம் அங்க உட்கார்ந்திருக்காங்க. போய் ஆரம்பிங்க."

'இவருக்கும் பிள்ளைங்க இருக்குதே' என்று நினைத்துக்கொண்டே நிதுஷன் கணினி அறைக்குப் போனான்.

மாணவர்கள் கேள்விப் பக்கத்தைத் திறந்தார்கள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லாத் திரையிலும் ஒரே வரி: 'கனெக்‌ஷன் டைம் அவுட்'.

மேடம் எழுந்து வந்தார். "என்னங்க இது?"

"கேள்வியெல்லாம் இருக்கிற சேர்வரைக் கம்ப்யூட்டர் கூப்பிடுது மேடம். பதில் வரல. கொஞ்ச நேரம் பார்த்துட்டு விட்டுடுது."

"சேர்வர் முடியாதுங்குதா?"

"முடியாதுன்னா அதை உடனே சொல்லியிருக்கும். இது ஆமாம்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. காலையில நல்லாத்தானே இருந்துச்சு!"

நிதுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்ப்யூட்டர்களை அணைத்துப் போட்டான். மேசைக்கடியில் புகுந்து ஒயர்களை இழுத்துப் பார்த்தான். மறுபடியும் அதே வரி.

அதிபர் வாசலில் வந்து நின்று கத்தினார். "ஒரு வேலையை ஒழுங்கா செய்யத் தெரியாதா உங்களுக்கு? மேடம் முன்னால மானம் போகுது!"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று தன் அறைக்கே திரும்பிவிட்டார்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிதுஷனுக்குக் கண் கலங்கியது. இனி பார்க்க மிச்சமிருந்தது சேர்வர் மட்டும்தான். அது இருந்தது அதிபரின் அறையில்.

உள்ளே போனான். சேர்வரில் விளக்குகள் எரிந்தன. அதிபர் அதை ஒட்டி ஜன்னலோரம் நின்று கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், கொஞ்சம் தள்ளுங்க. பின்பக்கம் பார்க்கணும்."

அப்போது கேட்டில் ஒரு லொறி வந்து நின்றது. வெள்ளைப் பர்தா அணிந்த ஒரு பிள்ளை குதித்து இறங்கி, கணினி அறையை நோக்கி ஓடியது.

அதிபர் பெருமூச்சு விட்டார். முதுகுக்குப் பின்னாலிருந்த கையை மெல்ல நீட்டினார். அதில் நெட்வேர்க் ஒயரின் முனை.

"கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க நிதுஷன். மேடம் நம்பணுமே... இந்தாங்க, சீக்கிரம் செருகுங்க. கழற்றத் தெரிஞ்சுது, எந்த ஓட்டையில மாட்டுறதுன்னுதான் தெரியல."