ரலிட்சாவின் இடது கை

ஒரு புதிர். ஒரே வீட்டில் இரண்டு பேர். நடுவிலிருந்த கதவை அடைத்தாயிற்று. ஒருவருக்குத்தான் பேச வரும். மற்றவர் வாய் திறப்பதில்லை. ஆனால் வாசலில் நின்று ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்புகிறார்கள். அது எந்த வீடு?

ஒன்பது வயது ரலிட்சாவின் தலை.

வலிப்பு நிற்க வேண்டுமென்றால் மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டத்தான் வேண்டும் என்றார்கள். ப்ளோவ்டிவ் நகரத்து ஆஸ்பத்திரியில் வெட்டினார்கள். வலிப்பு நின்றது. இடது கை மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தது.

வலது கை போட்ட பொத்தானை அது கழற்றும். வாய் வேண்டாம் என்ற தயிரை எடுத்து அதே வாயில் வைக்கும். பேசத் தெரியாத பாதிதான் அந்தக் கையை ஆட்டிவைக்கிறது என்று டாக்டர் பெஞ்சேவ் விளக்கியிருந்தார். அம்மா டோன்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், மார்ச் முதல் தேதி வரைக்கும்.

அன்று பிரியமானவர்களின் கையில் சிவப்பும் வெள்ளையுமான மார்த்தெனித்ஸா கயிறு கட்டும் நாள். யாரும் தனக்குத்தானே கட்டிக்கொள்வதில்லை. டோன்கா மகளின் வலது மணிக்கட்டில் கட்டினாள். இடது கை வந்து அவிழ்த்தது. மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தது.

"நான் இல்லம்மா, அதுதான்," என்றாள் ரலிட்சா, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டிக் கொடுப்பதுபோல.

டோன்கா வார்டை விட்டு வராந்தாவுக்குப் போய் டாக்டரை மறித்தாள். "என் பொண்ணு ஒருத்தியா, ரெண்டு பேரா? உண்மையைச் சொல்லுங்க."

"தெரியலைம்மா. எத்தனையோ மூளையைத் திறந்து பாத்துட்டேன். 'நான்'ங்கறது அதுல எங்க உக்காந்திருக்குன்னு இன்னும் கண்ணுல படல."

"அந்தப் பேசாத பாதிக்கு என்னைப் பிடிக்கல டாக்டர். அவங்கப்பா ஸ்பெயின்ல வேலைக்குப் போயிருக்கார். வெட்டறதுக்குக் கையெழுத்துப் போட்டவ நான்தானே."

"பேச்சுதான் வராது, காது கேக்கும். அதையே கேட்டுடலாம், வாங்க."

டாக்டர் கயிற்றைப் படுக்கை மேல் வைத்தார். இடது கைக்கு முன்னால் மரியாதையாகக் குனிந்தார். "அம்மணி, இந்தக் கயிறு யார் கைக்குப் போகணும்? நீங்களே காட்டிடுங்க."

ரலிட்சா சிரித்தாள். டோன்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இடது கை கயிற்றை எடுத்தது. அந்த வார்டில் காலையிலிருந்து யாரும் கயிறு கட்டிவிடாத ஒரே ஆளின் மணிக்கட்டின் மேல், டோன்காவின் மணிக்கட்டின் மேல், அதைப் போட்டது. ஒற்றைக் கையால் முடிச்சுப் போட வரவில்லை.

"நான் ஏன் இப்படிப் பண்றேன்?" என்று கேட்டாள் ரலிட்சா. கேட்டுக்கொண்டே, கயிற்றின் மறுமுனையை வலது கையால் பிடித்துக்கொண்டாள்.