விரலை மதிக்காத போன்

நிருபரின் போன் அவர் சட்டைப் பையிலேயே இருக்க, இன்ஸ்பெக்டர் அதைப் பரணில் தேடிக்கொண்டிருந்தார். தலையெல்லாம் ஒட்டடையோடு அவர் இறங்கி வந்தபோது நிருபரின் மனைவிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

சிரிக்கிற விஷயமில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டுச் செத்துப்போன ஒருவரின் படங்கள் போன வாரம் பத்திரிகையில் வந்திருந்தன. அனுப்பியவரின் முகத்தை நிருபரே பார்த்ததில்லை. ஆனால் போனைத் திறந்தால் அவருடைய நம்பர் கிடைக்கும். கிடைத்தால் அந்த ஆள் கதை முடிந்தது.

கூட வந்த கான்ஸ்டபிள் வாரண்டை நீட்டினார். போனை எடுத்துக்கொள்ளலாம், பூட்டைத் திறக்க விரலை வைக்கச் சொல்லலாம், மனதில் இருக்கும் ரகசிய எண்ணைக் கேட்க மட்டும் இதில் இடமில்லை என்று நிருபர் படித்துச் சொன்னார். குரலில் தெம்பில்லை. விரல் ஒன்றே போதுமே.

போனை அவர் மேஜைமேல் வைத்த நேரம் பார்த்து அது அலறியது. "சனியன், ஓயாம அடிக்குது" என்று இன்ஸ்பெக்டர் அதை அணைத்துப் போட்டார். பிறகு மகா கம்பீரமாக மறுபடி போட்டு, "இப்ப வைங்க விரலை" என்றார்.

அணைத்துப் போட்ட போன் முதல் தடவை எண்ணைத்தான் கேட்கும், எந்த மகாராஜாவின் விரலையும் மதிக்காது. இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். ஐயாவின் இருபது வருட சர்வீஸுக்குத் தெரியவில்லை.

பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். கான்ஸ்டபிள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எண்ணைச் சொல்லாவிட்டால் நடக்கிறதே வேறு என்று இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். சொல்லாமல் இருப்பது என் உரிமை என்று நிருபர் கையைக் கட்டிக்கொண்டார். இப்படியொரு மேதையை அனுப்பிவைத்த இலாகாவுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடும் போட்டார்.

போனை உறையிலிட்டு சீல் வைத்து எடுத்துக்கொண்டு கான்ஸ்டபிள் ஜீப்புக்குப் போனார். ரசீதில் கையெழுத்து வாங்க இன்ஸ்பெக்டர் மட்டும் நின்றார். பேனாவை அவரே திறந்து நீட்டினார்.

நிருபருக்குக் கேலி தாங்கவில்லை. "நாளைக்கு ஜட்ஜே கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்ல மாட்டேன் சார்."

இன்ஸ்பெக்டர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லிடாதீங்க சார், படம் அனுப்பினது நான்தான்."