மூன்றாவது பொட்டலம்

அம்மன் காலடியில் மூன்று வாழையிலைப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில்கூட வேப்பிலை இல்லை என்பது சண்முகத்தாய்க்குத் தெரியும்.

மகள் செண்பகம் பி.யு.சி. தேறியிருந்தாள். மதுரையிலிருந்து ஒரு கடிதம், திருச்சியிலிருந்து ஒரு கடிதம். இரண்டு கல்லூரியிலும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. இரண்டிலும் பெண்கள் ஹாஸ்டல். இரண்டிலும் திங்கட்கிழமை சேர வேண்டும்.

எதில் சேர்ப்பது என்று புருஷன் தாணுலிங்கம் தன் மளிகைக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் கேட்டார். பாதிப் பேர் மதுரை என்றார்கள், பாதிப் பேர் திருச்சி. கடைசியில் அம்மனிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். அரளி வந்தால் மதுரை, நந்தியாவட்டை வந்தால் திருச்சி.

அங்கேதான் அவருடைய அக்கா சங்கரம்மாள் வாயைத் திறந்தாள்.

“ரெண்டு காலேசுக்கும் ரெண்டு பூன்னா, போவவே வேண்டாம்னு அம்மன் எப்படிலே சொல்லுவா? ஒரு வேப்பிலையும் வச்சுக் கெட்டு.”

வேப்பிலை வந்தால் செண்பகம் வீட்டோடு. ஆவணியில் சங்கரம்மாள் மகனோடு கல்யாணம். அக்கா பேச்சைத் தட்டியே பழகாத தாணுலிங்கம் அதற்கும் தலையாட்டினார். சண்முகத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்று காலை பொட்டலம் கட்டும்போது வேப்பிலையை அடுப்பில் போட்டாள். அதற்குப் பதில் இன்னோர் அரளியை வைத்தாள். யாரும் லேசில் பிரித்துவிடக் கூடாதென்று மூன்றையும் வாழைநாரால் சுற்றி, நகம் வலிக்க இறுக்கி, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள். மதுரையோ திருச்சியோ, பெண் போனால் சரி.

அவள் சேலை மாற்றி வருவதற்குள் தாணுலிங்கம் பொட்டலங்கள் இருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டிருந்தார். கடையைத் திறந்து சூடம் எடுத்துக்கொண்டு அப்படியே கோயிலுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கட்டும்போது இருந்த தைரியம் இப்போது இல்லை. சாமியிடமே பொய். தன்னை என்ன செய்தாலும் செய்யட்டும், பெண்ணை ஏதாவது செய்துவிட்டால்?

புதுத் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. சண்முகத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

பூசாரி பிச்சையாவின் நான்கு வயதுப் பேத்தி ஒரு பொட்டலத்தை எடுத்தாள், வைத்தாள், வேறொன்றை எடுத்து நீட்டினாள். பூசாரி நார் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். இலை விரிந்தது.

நந்தியாவட்டை. திருச்சி.

செண்பகம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். சண்முகத்தாயால் சிரிக்கக்கூட முடியவில்லை. சங்கரம்மாளின் கண் மற்ற இரண்டு பொட்டலங்களின் மேல் இருந்தது.

“அதுகளையும் பிரியும் பூசாரி. வேப்பிலை இருக்கான்னு பாப்போம்.”

பூசாரி குனிந்தார்.

தாணுலிங்கம் குறுக்கே கையை நீட்டினார். அக்காவை அவர் மறுத்துப் பேசி சண்முகத்தாய் கேட்டதே இல்லை.

“மத்ததைப் பிரிச்சா தெய்வக்குத்தம்க்கா. ஏளா, நீ கொண்டு போய்க் கடல்ல விட்டுட்டு வா.”

கோயிலுக்குப் பின்னால் கடல். எப்படி நடந்து போனாள் என்று சண்முகத்தாய்க்கே தெரியாது. முழங்காலளவு தண்ணீரில் நின்றாள். கட்டோடு விட்டால் அலை கரைக்கே கொண்டுவந்து போட்டுவிடும்; சங்கரம்மாள் கையில் கிடைத்தால் தொலைந்தது. பிரித்துத்தான் விட வேண்டும். தான் போட்ட முடிச்சை நினைத்தபோது அழுகையே வந்தது.

நார் நுனியை இழுத்தாள். உருவிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே.

அவளுடைய முடிச்சு இல்லை. சீனிப் பொட்டலத்துக்குக் கடையில் போடுகிற சுருக்கு.

அவள் திரும்பிப் பார்த்தாள். கரையில் தாணுலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றார்.

வேப்பிலையை எடுக்கத்தான் பிரித்திருப்பார். எடுக்கப் போனால் அது அங்கே இருந்திருக்காது.