சாய்மானம்

டிராக்டரிலிருந்து புளியமரத் துண்டை உருட்டச் சொல்லிவிட்டு, பச்சமுத்து அதன்மேலேயே உட்கார்ந்து நாற்காலி கேட்டார்.

சாதிச் சங்கத்தின் வட்டாரத் தலைவர் அவர். இட ஒதுக்கீட்டு மறியல் நடந்து ஒரு வருஷம் ஆகிறது. அதற்குக் கள்ளக்குறிச்சியில் விழா. மேடையில் போட நாற்காலி.

என் மனைவி மணிமொழி போய்ச் சேர்ந்ததிலிருந்து பட்டறை பூட்டித்தான் கிடந்தது. திறக்கச் சொன்னதும் பச்சமுத்துதான். பட்டறை நிற்பது புறம்போக்கில். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நிற்காது.

பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தபடி கேட்டேன். யார் உட்காருவார்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு எடை தாங்க வேண்டும்.

அவர் மட்டும்தான் உட்காருவார். விழா முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். எடையைப் பற்றிக் கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை.

“மத்த சேரவிட ரெண்டு விரக்கடை ஒசரம் வெச்சிரு. பாக்கறவனுக்குத் தெரியக்கூடாது. உக்காந்தவனுக்குத் தெரியணும்.”

எழுதிக்கொண்டேன்.

கைப்பிடியில் சிங்கம் வேண்டாம். எதிர்க் கோஷ்டிக்காரர் போன மாதமே சிங்கம் வைத்துவிட்டார். புலி வைக்கலாம். வாய் மூடிய புலி. கூட்டத்துக்கு இன்ஸ்பெக்டரும் வருவார்.

அடியில் இரண்டு கம்பு நுழையும்படி ஓட்டை வேண்டும். நாலு பேர் அவரோடு சேர்த்துத் தூக்குவதற்கு. தூக்கப் போவதாக இதுவரை யாரும் சொல்லவில்லை. திடீரென்று ஆசைப்பட்டால்?

புளி கனக்கும், தேக்கில் செய்யலாம் என்றேன்.

“தேக்கு யாருக்கு வேணும்? இது போராட்ட மரம் தம்பி. வடக்கனந்தல் ரோட்டுக்குக் குறுக்க நாங்க சாய்ச்சது.”

நின்றவரை அது சர்க்கார் மரம். சாய்ந்த பிறகு அவருடைய கொல்லையில் காய்ந்துகொண்டிருந்தது.

அவரை எழுப்பிவிட்டு டேப்பைப் பிடித்தேன். பாதி நீளத்தில் கை நின்றது.

நடுமரத்தில் அரிவாள் வெட்டுகள். ஒன்று விழுந்த இடத்தில் இன்னொன்று விழவில்லை. எதுவும் ஒரு விரல் ஆழம்கூட இல்லை.

“இன்னா தம்பி, அளக்காம பாத்துக்கினே இருக்கற?” என்று அவரும் குனிந்தார். விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். பதினொன்று.

சிரித்தார்.

“எவனோ வேல தெரியாதவன். மரத்த வெட்றவன் அடியில வெட்டுவானா, நடுவுல வெட்டுவானா? இத கண்ணுல படாத எடமாப் பாத்து வெச்சிரு.”

சரி என்றேன்.

அந்தத் துண்டைச் சாய்மானத்துக்குக் குறித்தேன். வெட்டுப்பக்கம் அவர் முதுகுக்கு. இழைக்கப் போவதில்லை. பார்க்கிறவனுக்குத் தெரியாது. உட்கார்ந்தவனுக்குத் தெரியும்.

பதினொன்று சரிதான்.

மறியலன்று பன்னிரண்டாவதுக்கு நான் அரிவாளை ஓங்கினபோது, பின்னால் நின்ற வாடகைக் காரிலிருந்து மாமியார் கூப்பிட்டார். பிரசவ வலி வந்த மணிமொழியை அவர்தான் மடியில் சாய்த்து வைத்திருந்தார்.

“போதும் மாப்ள. வண்டிய வூட்டுக்கே திருப்பச் சொல்லுங்க.”